கம்பம் ஊருடையது, கம்பி யாருடையது?

அமெரிக்காவின் நார்த் கரோலைனா மாநிலத்தில், கிழக்குச் சமவெளியில் பைன்டாப்ஸ் என்று ஒரு சிற்றூர். புகையிலையும் சோயாவும் சர்க்கரைவள்ளிக் கிழங்கும் விளையும் பூமி. மக்கள்தொகை சுமார் 1,300. 2016-ஆம் ஆண்டின் முற்பகுதியில் அந்த ஊருக்கு ஃபைபர் இணையம் வந்து சேர்ந்தது. அதைக் கொண்டுவந்தது எந்தத் தொலைபேசிக் கம்பெனியும் அல்ல. 30 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் வில்சன் நகராட்சி. விநாடிக்கு 1 கிகாபிட் வேகம் அப்போது அமெரிக்கப் பெருநகரங்களிலேயே எல்லா வீட்டுக்கும் வாய்க்காத ஒன்று. பைன்டாப்ஸ்வாசிகளுக்கு அது கேட்டால் கிடைத்தது.

அந்த மகிழ்ச்சி சில மாதங்கள்தான் நீடித்தது. ஆகஸ்ட் 10 அன்று, ஒஹையோ மாநிலத்தின் சின்சினாட்டியில் இயங்கும் மத்திய மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொன்னது. செப்டம்பரில் வில்சன் நகர மன்றம் கூடி, பைன்டாப்ஸின் இணைப்பைத் துண்டிப்பது என்று முடிவெடுத்தது. கம்பி அறுந்துபோகவில்லை. கட்டணம் பாக்கி என்றும் இல்லை. தொடர்ந்து விற்றால் மாநிலச் சட்டத்தை மீறியதாகிவிடும் என்பதுதான் காரணம்.

அக்டோபரில் மேத்யூ புயல் வந்தது. பைன்டாப்ஸ் இருக்கும் எட்ஜ்கோம் கவுன்ட்டியில் வெள்ளம் புகுந்தது. ஊர் தத்தளிக்கிற நேரத்தில் இணையத்தையும் பிடுங்குவதா என்று தயங்கிய வில்சன் நகர மன்றத்துக்குச் சட்டத்திலேயே ஒரு சந்து கிடைத்தது. எல்லைக்கு வெளியே சேவையை விற்கத்தான் தடை; சும்மா கொடுக்கத் தடை இல்லை. ஆறு மாதத்துக்கு இணைப்பு இலவசம் என்று அறிவித்தார்கள். கட்டணம் தரத் தயாராக இருக்கும் ஊரிடம், சட்டத்துக்குப் பயந்து காசு வாங்காமல் இருந்த நகராட்சி உலகில் வேறு எங்கேனும் இருந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

நடுவில் நிற்கும் மாநிலம்

ஊரின் இணையத்தை ஊர் நடத்தலாமா, அதைத் தீர்மானிப்பது யார் என்ற வழக்கு வெளியிலிருந்து பார்த்தால் மத்திய அரசுக்கும் உள்ளாட்சிக்கும் இடையிலான சண்டை போலத் தெரியும். உள்ளே போனால் கதவில் கைவைத்து நிற்பது மாநில அரசு.

அமெரிக்க அரசியல் சட்டத்தில் நகராட்சி என்ற பேச்சே கிடையாது. இந்தியாவில் 73, 74-ஆம் திருத்தங்கள் ஊராட்சிக்கும் நகராட்சிக்கும் அரசியல் சட்டத்திலேயே ஓர் இடம் கொடுத்தன. அங்கே அதுவும் இல்லை. 1868-இல் அயோவா மாநில நீதிபதி ஜான் டில்லன் வகுத்த நெறிதான் பல மாநிலங்களில் இன்றுவரை அடித்தளம். நகராட்சி என்பது மாநிலம் பெற்ற பிள்ளை. மாநிலம் தெளிவாகக் கொடுத்த அதிகாரம் மட்டுமே அதற்கு உண்டு என்பது அதன் சாரம். கொடுத்த கைக்கு எடுக்கவும் உரிமை உண்டு என்று 1907-இல் பிட்ஸ்பர்க் வழக்கில் உச்ச நீதிமன்றமும் ஒப்புக்கொண்டது.

இணையம் வந்தபோது இந்தப் பழைய நெறி புதிய சிக்கலில் மாட்டியது. 1996-ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டம், "எந்த நிறுவனமும்" இந்தத் தொழிலில் இறங்குவதை மாநிலங்கள் தடுக்கக் கூடாது என்றது. அந்த "எந்த நிறுவனமும்" என்பதில் நகராட்சி அடங்குமா? மிசூரி மாநிலத்து நகராட்சிகள் தொடுத்த வழக்கில் 2004-இல் உச்ச நீதிமன்றம் 8-க்கு 1 என்ற கணக்கில் "அடங்காது" என்று தீர்ப்பளித்தது. தனியார் நுழைவதை மாநிலம் தடுக்க முடியாது. தன் சொந்த நகராட்சியைத் தடுக்கலாம்.

கேட்டார்கள், மறுத்தார்கள், கட்டினார்கள்

நகராட்சிகளுக்கு இந்த ஆசை எங்கிருந்து வந்தது? மின்சாரத்திலிருந்து. 1930-களின் நடுவில் அமெரிக்கப் பண்ணை வீடுகளில் பத்தில் ஒன்றுக்குத்தான் மின்சாரம் இருந்தது. வீட்டுக்கும் வீட்டுக்கும் இடையில் தூரம் அதிகம், வருமானம் குறைவு என்று தனியார் கம்பெனிகள் போகவில்லை. மத்திய அரசின் கடனும், ஊர்க் கூட்டுறவுகளும், நகராட்சி மின் நிறுவனங்களும் அந்த வேலையை முடித்தன. இன்றும் அமெரிக்காவில் சுமார் 2,000 ஊர்களில் மின்சாரம் பொது நிறுவனத்தின் கையில் இருக்கிறது. கம்பமும், பில் போடும் ஏற்பாடும், ஏணி வைத்து ஏறத் தெரிந்த ஆட்களும் ஏற்கெனவே உண்டு. ஃபைபருக்குத் தேவையானதில் பாதி அங்கேயே முடிந்தது.

வில்சன் அப்படிப்பட்ட ஊர். ஒரு காலத்தில் பெரிய புகையிலைச் சந்தை. புகையிலை சரிந்ததும் பிழைப்புக்கு வேறு வழி தேடியது. நகராட்சி முதலில் அங்கிருந்த கேபிள் கம்பெனியிடமும் தொலைபேசிக் கம்பெனியிடமும்தான் போய் நின்றது. அவர்கள் முன்வரவில்லை. சுமார் 2.8 கோடி டாலர் கடன் வாங்கி 2008-இல் "கிரீன்லைட்" என்ற பெயரில் நகராட்சியே தொடங்கியது.

டென்னசி மாநிலத்தின் சட்டனூகா இன்னும் பெரிய கதை. 1969-இல் நாட்டிலேயே மிக மோசமான காற்று என்று மத்திய அரசின் அறிக்கையில் பெயர் வாங்கிய தொழில் நகரம் அது. நகரின் மின் வாரியமான இ.பி.பி., 1930-களில் பிறந்த பொது நிறுவனம். மின்தடையைத் தானே கண்டுபிடித்துச் சரிசெய்யும் தானியங்கி மின்கட்டமைப்பு போடுவது என்று அது முடிவெடுத்தது. அதற்கு ஃபைபர் வேண்டும். கடன்பத்திரம் வெளியிட்டுத் திரட்டிய பணத்தோடு, 2009-ஆம் ஆண்டின் பொருளாதார மீட்பு நிதியிலிருந்து மத்திய அரசு தந்த சுமார் 11 கோடி டாலரும் சேர்ந்தது. கேபிள் தரப்பு போட்ட வழக்குகள் நீதிமன்றத்தில் நிற்கவில்லை. 2010 செப்டம்பரில், தன் மின்பரப்பு முழுவதற்கும், அதாவது சுமார் 600 சதுர மைலுக்கும், 1 கிகாபிட் இணைப்பு தயார் என்று இ.பி.பி. அறிவித்தது. ஒரு நகரம் முழுவதற்கும் அந்த வேகம் என்பது அமெரிக்காவில் அதுதான் முதல். தொடக்கத்தில் மாதம் 350 டாலர். மூன்றே ஆண்டில் 70 டாலருக்கு இறங்கியது.

மின்சாரத்துக்காகப் போட்ட கம்பியில் இணையம் ஓடியதா, இணையத்துக்காகப் போட்ட கம்பியில் மின்சாரம் பிழைத்ததா என்பதில் இன்றும் வாதம் உண்டு. மின்தடை நேரம் சுமார் 40 சதவீதம் குறைந்தது என்கிறது இ.பி.பி.

━━━━━━━━━━
பெட்டிச் செய்தி: வேலியில் எத்தனை வகை!

நகராட்சி இணையத்தை மாநிலங்கள் மடக்கும் விதம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும்.

நேரடித் தடை: நெப்ராஸ்காவில் பொது மின் நிறுவனங்கள் வீடுகளுக்கு இணைய சேவை விற்கக் கூடாது.

மொத்த வியாபாரம் மட்டும்: யூட்டாவில் ஊர் கம்பி போடலாம், வாடிக்கையாளருக்கு நேராக விற்பதென்றால் கடுமையான நிபந்தனைகள்.

எல்லைக்கோடு: டென்னசியில் நகராட்சி மின் நிறுவனம் தன் மின்பரப்புக்குள் மட்டுமே இணையம் தரலாம்.

கற்பனைக் கணக்கு: நார்த் கரோலைனாவில், தனியார் கம்பெனி கட்டியிருக்கக்கூடிய வரியை நகராட்சியும் தன் விலையில் சேர்த்துக் கணக்கிட வேண்டும். கட்டாத வரிக்கு விலை!

வாக்கெடுப்பு: கொலராடோவில் 2005 முதல் 2023 வரை, ஊர் மக்கள் ஓட்டுப் போட்டு அனுமதித்தால்தான் நகராட்சி தொடங்க முடிந்தது.
━━━━━━━━━━

"சமமான ஆடுகளம்"

வில்சனில் கிரீன்லைட் ஓடத் தொடங்கியதும் நார்த் கரோலைனா சட்டமன்றத்தில் ஆண்டுதோறும் ஒரு மசோதா முளைத்தது. கடைசியில் 2011-இல் நிறைவேறியது. அப்போதைய ஆளுநர் பெவ் பெர்டியூ கையெழுத்துப் போடவும் இல்லை, தடுக்கவும் இல்லை. கையெழுத்து இல்லாமலேயே அது சட்டமானது. புதிதாகத் தொடங்கும் நகராட்சிகளுக்கு நிபந்தனை மேல் நிபந்தனை. ஏற்கெனவே நடத்துபவர்களுக்கு விதிவிலக்கு உண்டு, ஆனால் எல்லையோடு. வில்சனின் எல்லை வில்சன் கவுன்ட்டி. நகராட்சியின் மின்சாரமோ ஆறு கவுன்ட்டிகளுக்குப் போய்க்கொண்டிருந்தது.

சட்டத்தை ஆதரித்தவர்கள் சொன்ன காரணத்தை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. வரி வசூலிக்கும் கையே கடையும் வைத்தால் எதிர்க்கடைக்காரர் என்ன செய்வார்? நகராட்சிக்கு லாபம் காட்ட வேண்டிய கட்டாயமில்லை, வரி இல்லை, கம்பம் அதனுடையது, அனுமதி தருவதும் அதுவே. நஷ்டம் வந்தால் வரிகட்டுபவர் தலையில் விழும். "சமமான ஆடுகளம்" என்ற சொல் அங்கிருந்து வந்தது. கொஞ்சம் தூசி தட்டிப் பார்த்தால் வேறொன்றும் தெரிகிறது. விளையாட வராதவர்களுக்காகவும் ஆடுகளம் சமமாக்கப்பட்டது. பைன்டாப்ஸில் ஃபைபர் போட அதுவரை எந்தத் தனியார் கம்பெனியும் வரிசையில் நிற்கவில்லை.

வாஷிங்டன் கைநீட்டியது

2014 ஜூலையில் சட்டனூகாவும் வில்சனும் மாநிலத்தைத் தாண்டி நேராக மத்திய அமைப்பின் கதவைத் தட்டின. ஃபெடரல் கம்யூனிகேஷன்ஸ் கமிஷன், சுருக்கமாக எஃப்.சி.சி., இந்த வேலிகளை நீக்க வேண்டும் என்பது மனு. அப்போது அதன் தலைவர் டாம் வீலர். கேபிள் தொழில் சங்கத்துக்கும் செல்போன் தொழில் சங்கத்துக்கும் முன்பு தலைமை தாங்கியவர் என்பதால், அவர் கம்பெனிகள் பக்கம்தான் சாய்வார் என்று பலர் கணக்குப் போட்டார்கள். கணக்குத் தவறியது.

மனு வருவதற்கு முன்பே எதிர்ப்புக் கிளம்பியது. டென்னசியின் பிரதிநிதிகள் சபை உறுப்பினர் மார்ஷா பிளாக்பர்ன், இந்தக் காரியத்துக்கு எஃப்.சி.சி. ஒரு காசும் செலவழிக்கக் கூடாது என்று கொண்டுவந்த திருத்தம் அதே மாதம் 223-க்கு 200 என்று அவையில் வென்றது, சட்டமாகவில்லை. மறுபுறம், 2015 ஜனவரியில் அதிபர் ஒபாமா அயோவாவின் சீடர் ஃபால்ஸ் ஊருக்குப் போய், அங்குள்ள நகராட்சி ஃபைபரைக் காட்டி, இதைத் தடுக்கும் மாநிலச் சட்டங்கள் போக வேண்டும் என்று பேசினார்.

2015 பிப்ரவரி 26. இணையச் சமநிலை விதிகளை நிறைவேற்றிய அதே நாளில், எஃப்.சி.சி. இரு மாநிலச் சட்டங்களையும் 3-க்கு 2 என்ற வாக்கில் ஒதுக்கி வைத்தது. அதன் வாதம் நுணுக்கமானது. நகராட்சி இந்தத் தொழிலுக்கே வரக் கூடாது என்று மாநிலம் சொன்னால் அது மாநிலத்தின் உள்விவகாரம். வரலாம் என்று அனுமதித்துவிட்டு, யாருக்கு விற்கலாம், என்ன விலை என்றெல்லாம் கட்டுப்படுத்தினால் அது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை. அது மத்திய அரசின் வேலை. 1996 சட்டத்தின் 706-ஆம் பிரிவு அதிவேக இணையம் பரவத் தடையாக இருப்பவற்றை நீக்கச் சொல்கிறது. ஆகவே அதிகாரம் உண்டு.

டென்னசியும் நார்த் கரோலைனாவும் வழக்குப் போட்டன. 2016 ஆகஸ்டில் சின்சினாட்டியின் ஆறாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் எஃப்.சி.சி.யின் ஆணையை ரத்து செய்தது. நகராட்சி இணையம் நல்லதா கெட்டதா என்பது அங்கே கேள்வியே அல்ல. ஒரு மாநிலத்துக்கும் அது பெற்ற நகராட்சிக்கும் நடுவில் மத்திய அரசு புக வேண்டுமானால், நாடாளுமன்றம் அதை ஐயத்துக்கு இடமில்லாமல் சட்டத்தில் எழுதியிருக்க வேண்டும். 706-ஆம் பிரிவில் அப்படி ஒரு வரி இல்லை என்றது தீர்ப்பு. எஃப்.சி.சி. மேலே போகவில்லை. சட்டப்படி பார்த்தால் இந்தத் தீர்ப்பைக் குறைசொல்வது கடினம். எழுதாத வரியை நீதிமன்றம் படிக்க முடியாது.

எல்லைக்கோட்டுக்கு அந்தப் பக்கம்

தீர்ப்பின் சூட்டை உணர்ந்தவர்கள் வழக்கில் பெயர் இல்லாதவர்கள். சட்டனூகாவின் மின்பரப்பு முடியும் இடத்தில் ஃபைபரும் முடிந்தது. கோட்டுக்கு உள்ளே இருந்த வீட்டுக்கு 2015-லேயே விநாடிக்கு 10 கிகாபிட், 2022-இல் 25 கிகாபிட். வெளியே இருந்த பகுதிகளை "டிஜிட்டல் பாலைவனம்" என்றுதான் இ.பி.பி. தன் மனுவில் வருணித்திருந்தது. விரிவாக்கச் செலவை ஏற்க இ.பி.பி. தயாராக இருந்தும் மாநிலம் வழிவிடவில்லை.

டென்னசி அரசு அதற்குப் பதிலாக 2017-இல் வேறொரு சட்டம் போட்டது. கிராமப்புற மின் கூட்டுறவுகள் இணையம் தரலாம். விரிவாக்கத்துக்கு மூன்றாண்டில் 4.5 கோடி டாலர் மானியமும் வரிச்சலுகையும் உண்டு. கூட்டுறவுகள் இறங்கின, சில ஊர்களுக்கு வெளிச்சமும் வந்தது. நகராட்சி மின் நிறுவனங்களின் எல்லைக்கோடு மட்டும் அசையவில்லை. சொந்தக் காசில் வரத் தயாராக இருந்தவரை வாசலில் நிறுத்திவிட்டு, பொதுப்பணத்தில் வேறொருவரை அழைத்த ஏற்பாடு அது.

கோட்டுக்கு உள்ளே என்ன நடந்தது என்பதற்கு 2020 ஒரு சாட்சி. கொரோனாவால் பள்ளிகள் மூடியபோது சட்டனூகாவை உள்ளடக்கிய ஹாமில்டன் கவுன்ட்டியில், வசதி குறைந்த சுமார் 28,000 மாணவர்களுக்கு இலவச இணையம் தரும் திட்டம் சில மாதங்களில் தயாரானது. பத்தாண்டுக்கு என்று ஏற்பாடு. கம்பி ஏற்கெனவே வீட்டு வாசலில் இருந்ததால் முடிந்த காரியம். நாட்டின் வேறு பல ஊர்களில் பிள்ளைகள் உணவகங்களின் வண்டி நிறுத்துமிடங்களில் காருக்குள் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தார்கள்.

பத்தாண்டில் ஃபைபர் தந்த பலன் 269 கோடி டாலர் என்று டென்னசி பல்கலைக்கழகத்தின் சட்டனூகா வளாகப் பொருளாதாரப் பேராசிரியர் பென்டோ லோபோ கணக்கிட்டார். உள்ளூர்க்காரர் போட்ட உள்ளூர்க் கணக்கு என்பதை மனத்தில் வைத்துத்தான் அதைப் படிக்க வேண்டும். பாதியைத் தள்ளினாலும் மீதி பெரிய தொகை.

━━━━━━━━━━
பெட்டிச் செய்தி: இரண்டு ஆய்வு, இரண்டு முகம்

ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் பெர்க்மன் கிளைன் மையம் 2018-இல் விலையை ஆராய்ந்தது. ஊர் நடத்தும் ஃபைபரையும் தனியார் சேவையையும் ஒப்பிட முடிந்த 27 ஊர்களில், 23-இல் ஊர்ச் சேவையே மலிவு. வித்தியாசம் 2.9 முதல் 50 சதவீதம் வரை.

பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் கிறிஸ்டோபர் யூ 2017-இல் வரவுசெலவை ஆராய்ந்தார். 20 நகராட்சித் திட்டங்களில் 11-இல் பணவரத்து எதிர்மறை. போட்ட முதலைத் திட்டத்தின் ஆயுளுக்குள் மீட்கும் நிலையில் இருந்தவை இரண்டே.

முதலாவது வாடிக்கையாளரின் பையைப் பார்க்கிறது, இரண்டாவது நகராட்சியின் கல்லாவை. ஒன்று மற்றொன்றைப் பொய்யாக்கவில்லை.
━━━━━━━━━━

கையைச் சுட்டுக்கொண்டவர்கள்

யூட்டாவின் ப்ரோவோ நகரம் சுமார் 3.9 கோடி டாலர் கடனில் வலைப்பின்னல் கட்டியது. மாநிலச் சட்டத்தின்படி நேரடியாக விற்க வழியில்லாமல் இடைத்தரகர்களை நம்பியது, அவர்கள் நிலைக்கவில்லை. 2013-இல் மொத்தத்தையும் கூகுளுக்கு 1 டாலருக்குக் கொடுத்தது. கடன் மட்டும் ஊரிடமே தங்கியது. மக்கள் மாதாந்தரப் பில்லில் அதை அடைத்தார்கள்.

வெர்மான்டின் பர்லிங்டன் இன்னும் கசப்பான பாடம். நகராட்சி நடத்திய நிறுவனம் தடுமாற, சிட்டிபேங்க் 3.3 கோடி டாலர் கேட்டு வழக்குப் போட்டது. 2014-இல் 1.05 கோடிக்குச் சமரசம். நகரத்தின் கடன் தரமும் இடையில் சரிந்தது. நார்த் கரோலைனாவிலேயே சால்ஸ்பரி நகரம் தன் ஃபைபரை நஷ்டத்தில் ஓட்டி, 2018-இல் மக்கள் வாக்கெடுப்பின் பேரில் தனியாருக்குக் குத்தகைக்கு விட்டது.

ஜெயித்த ஊர்களில் பெரும்பாலும் ஓர் ஒற்றுமை தெரியும்: கையில் சொந்த மின் நிறுவனம் இருந்தது. அது இல்லாமல் வெறும் உற்சாகத்தில் இறங்கியவர்களுக்கு முதல் ஐந்தாண்டே கண்டம். ஆனால் தோற்பதற்கான உரிமையும் ஊருக்கு உண்டா என்பதுதான் விவகாரம். சாலை போட்டு நஷ்டப்பட்ட நகராட்சியை இனிச் சாலையே போடாதே என்று எந்த மாநிலமும் சட்டம் இயற்றுவதில்லை. எந்தக் கவலையும் வேண்டாம் என்றால் சுவீடன் தலைநகர் ஸ்டாக்ஹோம் 1994 முதல் செய்வதைச் செய்யலாம்: நகரத்தின் கம்பெனி இழையை மட்டும் போட்டு வாடகைக்கு விடுகிறது, வீடுகளுக்குச் சேவை விற்கும் போட்டி தனியாருக்கு.

கட்சி மாறும் வாதங்கள்

மாநில உரிமை என்ற முழக்கத்தோடு 2014-இல் எஃப்.சி.சி.யை எதிர்த்தவர்கள் குடியரசுக் கட்சியினர். அதே கட்சியினர் 2021-இல், போட்டி இருக்கும் இடங்களில் நகராட்சி இணையத்தை நாடு முழுவதும் தடுக்கும் மசோதா ஒன்றைப் பிரதிநிதிகள் சபையில் வைத்தார்கள். அப்போது மாநில உரிமை நினைவுக்கு வரவில்லை. மசோதா கரைசேரவும் இல்லை. ஜனநாயகக் கட்சியினரோ உள்ளூர்த் தன்னாட்சியைக் காப்பாற்ற மத்திய அதிகாரத்தை அழைத்தார்கள். யார் மேலே, யார் கீழே என்பதைக் கொள்கை தீர்மானித்ததைவிட, எந்த மட்டத்தில் தன் காரியம் நடக்கும் என்ற கணக்குத் தீர்மானித்தது அதிகம்.

நீதிமன்றத்தில் கிடைக்காதது சட்டமன்றங்களில் மெதுவாகக் கிடைத்தது. கொலராடோவில் நூற்றுக்கும் மேற்பட்ட ஊர்களும் கவுன்ட்டிகளும் வாக்கெடுப்பு நடத்தி வேலியைத் தாண்டின. ஃபோர்ட் காலின்ஸ் நகரத்தில் 2017-இல் எதிர்ப்புப் பிரசாரத்துக்கு மட்டும் சுமார் 9 லட்சம் டாலர் கொட்டப்பட்டது. மக்கள் அப்படியும் "வேண்டும்" என்றே ஓட்டுப் போட்டார்கள். இத்தனை ஊர்கள் தாண்டிய பிறகு வேலி எதற்கு என்று 2023-இல் மாநிலமே அந்தச் சட்டத்தை எடுத்துவிட்டது. அதற்கு முன்பே 2021-இல் வாஷிங்டன் மாநிலமும் ஆர்கன்சாவும் தளர்த்தியிருந்தன. 2024-இல் மினசோட்டா சேர்ந்தது.

மத்திய அரசு இதற்கிடையில் சட்டத்தை விட்டுப் பணத்தால் பேசிப் பார்த்தது. 2021 நவம்பரில் நிறைவேறிய உள்கட்டமைப்புச் சட்டம் இணையம் எட்டாத இடங்களுக்கு 4,245 கோடி டாலர் ஒதுக்கியது. மானியப் போட்டியிலிருந்து உள்ளாட்சிகளை மாநிலங்கள் விலக்கக் கூடாது என்றும் அதில் எழுதியிருக்கிறது. ஆனால் பணத்தைப் பங்கிட்டுக் கொடுக்கும் பொறுப்பு மாநிலங்களிடமே விடப்பட்டது. பழைய தடைச் சட்டங்களை நீக்கினால்தான் பணம் என்று வாஷிங்டன் கறாராக நிற்கவில்லை. பதினைந்துக்கும் மேற்பட்ட மாநிலங்களில் ஏதோ ஒரு வடிவில் வேலி மிச்சம் இருக்கிறது.

நார்த் கரோலைனாவும் டென்னசியும் அந்தப் பட்டியலில் உண்டு. பைன்டாப்ஸ் கதைக்கு 2017-இல் சட்டமன்றம் ஒரு தனிச் சட்டம் போட்டு முடிவு கட்டியது. வேறொரு கம்பெனி ஃபைபர் கொண்டுவரும் வரை வில்சன் அங்கே விற்கலாம். வந்ததும் விலகிக்கொள்ள வேண்டும். எல்லைக்கு வெளியே வில்சனின் இணைப்பை நம்பி நவீன ஆலை நடத்திய சர்க்கரைவள்ளிக் கிழங்குப் பண்ணை ஒன்றுக்கும் அதே சட்டத்தில் இடம் தந்தார்கள். ஒரு சிற்றூர், ஒரு பண்ணை: 2011 சட்டத்தில் வில்சனுக்காகத் திறந்த கதவு அவ்வளவே. ஆறு கவுன்ட்டி மின்சாரத்துக்கு அப்படிக் கதவும் இல்லை, பூட்டும் இல்லை.